யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் மனித உரிமை மீறல்களும் அவற்றின் பதிவும் - ஒரு வரலாற்று நோக்கு

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிற் காணப்படும் தமிழ்ச் சாசனம் ஈழத்து வரலாற்றை ஆராய்வோர் நன்கறிந்ததொன்றாகும். பொலன்னறுவையிலிருந்து ஆட்சிபுரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைக் கூறும் இச்சாசனம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா இதனை வாசித்து விளக்கியதன் பயனாக இதன் முழுப் பொருளும் தெளிவாயிற்று. பிற நாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்குவதற்கும் அவர்கள் பாதுகாக்கப்படுவதற்கும் இச்சாசனம் வகைசெய்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்திற்கும் மிகுதி மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன என்றும், வாணிகப் பொருள் ஏற்றிய மரக்கலமாயின் செம்பாதி பண்டாரத்திற்கும் மறுபாதி உடையவனுக்கும் உரியன என்றும் அது விதிக்கின்றது. அக்கால ஊராத்துறையே இக்கால ஊர்காவற்றுறை என்பது ஆய்வாளர் கருத்தாகும்.

இச்சாசனத்தின் வாணிப முக்கியத்துவம் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. அதன் சட்ட முக்கியத்துவமும் அதற்குக் குறைந்ததன்று. கடலிற் கலம் உடைந்து கரையேறியவன் அந்நியன், படை இல்லாதவன், அவனுக்காகப் பேசுவார் அவ்விடத்தில் எவருமில்லை. அத்தகையோனுக்கும் ஓர் உரிமை உண்டு என்பதையும், அரச பண்டாரத்தின் கைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் மன்னன் கல்லில் எழுதுவித்தான். சிங்கள நாட்டு மன்னனொருவன் தமிழில் எழுதுவித்தான் என்பதும் நோக்கற்பாலது. எவருக்கு அவ்வாணை தெரியவேண்டுமோ அவரது மொழியில் அது பொறிக்கப்பட்டது. மன்னனது வருவாய் நோக்கம் இதில் இல்லையென்று கூறுதல் இயலாது. உடைந்த கலத்திற் பாதியைத் தானே எடுத்துக்கொண்டவன் அவன். ஆயினும், எழுதப்படாத உரிமை அதிகாரியின் மனப்போக்கிற்கு அடங்கியது, எழுதப்பட்ட உரிமையோ கேட்பதற்குரியது என்னும் உண்மையை இத்தீவுகள் எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தன என்பதில் ஐயமில்லை.

அதே கடற்பரப்பில் 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிகழ்ந்த கொடுமைகள் மூன்று இங்கு ஆராய்வுக்குரியன. அவை 1985இன் குமுதினிப் படகுப் படுகொலை, 1990இன் மண்டைதீவு, அல்லைப்பிட்டிக் காணாமலாக்கல்கள், 2006இன் அல்லைப்பிட்டி நிகழ்வுகள் என்பனவாம். இந்நிகழ்வுகளின் துயரம் பலராற் பேசப்பட்டதே. அவை எவ்வாறு பதிவாயின, எவற்றாற் பதிவாகாது நின்றன என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. உரிமை மீறலின் வரலாறு வேறு, அதன் பதிவின் வரலாறு வேறு. பின்னது இல்லாதவிடத்து முன்னது வெறுஞ் செவிவழிச் செய்தியாகத் தேய்ந்துவிடும்.

தீவும் சாட்சியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே அமைந்த தீவுகளுள் வேலணைத்தீவு பண்ணைப் பாலத்தினூடாகக் குடாநாட்டுடன் இணைந்துள்ளது. ஊர்காவற்றுறையும் அல்லைப்பிட்டியும் இத்தீவிலேயே உள்ளன. மண்டைதீவு அதற்கு அணித்தாயுள்ளது. வேலணையிலிருந்து கடலை ஊடறுத்துச் செல்லும் தாம்போதி புங்குடுதீவை அடைகின்றது. அதன் மேற்கு முனையிலுள்ள குறிகாட்டுவான் துறையோடு தரைவழி முடிகின்றது. அப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கடல்வழியே வழியாகும். நெடுந்தீவார் வைத்தியசாலைக்கும், அரச கந்தோருக்கும், உயர்கல்விக்கும் படகேறியே வருதல் வேண்டும்.

இப்புவியியல் அமைப்புக்கும் சாட்சியத்துக்கும் நெருங்கிய தொடர்புண்டு. நகரமொன்றிற் குற்றம் நிகழுமாயின் அதனைக் கண்டோர் பல திசைகளிலும் கலைந்து செல்வர். அவருள் எவரேனும் ஒருவர் பேசுவர். தீவில் அவ்வாறன்று. வெளியேறும் வழி ஒரு துறை அல்லது ஒரு பாலம். அவ்வழியைக் காப்பவன் எவனோ அவனே சாட்சியையும் காப்பவனாகின்றான். எனவே, சாட்சி நீரைக் கடந்து மறுகரையை அடைந்தானா, அடைந்தானாயின் ஆங்கு அவன் கூற்றைக் கேட்டு எழுதுவார் இருந்தனரா என்னும் இரு வினாக்களே இத்தீவுகளின் பதிவு வரலாற்றைத் தீர்மானித்தன எனலாம்.

குமுதினி, 1985

1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி காலை குமுதினி என்னும் பயணிகள் படகு நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானை நோக்கிப் புறப்பட்டது. பெண்களும், குழந்தைகளும், முதியோரும், அரச ஊழியரும் அதிற் பயணஞ் செய்தனர். நடுக்கடலில் வேறு படகுகளில் வந்தோர் அதனை மறித்து ஏறினர். பயணிகள் ஒருவர் பின் ஒருவராக அழைக்கப்பட்டு, வாள், கத்தி, கோடரி முதலியவற்றால் வெட்டப்பட்டனர். கைக்குழந்தையும் தப்பவில்லை. வந்தோர் கடற்படையினரே என்பது உயிர்தப்பியோரின் கூற்று. அரசாங்கமோ கடற்படையின் பொறுப்பை ஏற்கவில்லை.

இதற்கு முதல்நாள், 1985 மே 14இல், அநுராதபுரத்தில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் 146 பொதுமக்கள் கொல்லப்பட்டனர். பஸ் நிலையத்தில் நின்ற பயணிகளும் ஸ்ரீ மகாபோதியில் வழிபட வந்தோரும் அவருள் அடங்குவர். ஒன்றைக் கூறி மற்றதை மறைப்பது வரலாறாகாது. ஒன்றுக்கு மற்றது நியாயமாதலும் இல்லை. அநுராதபுரத்திற் பஸ்ஸுக்காகக் காத்திருந்தவருக்கும் நெடுந்தீவிற் படகேறியவருக்கும் இடையே நிலவிய ஒற்றுமை, இருவரும் ஆயுதமற்ற பயணிகள் என்பதே.

குமுதினியிற் காயமுற்றோர் கரைக்குக் கொண்டுவரப்பட்டு யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பெற்றனர். அவர்கள் பேசினர். அவர்களது கூற்றுகளை ஆதாரமாகக் கொண்டு சர்வதேச மன்னிப்புச் சபை இந்நிகழ்வை உலகறியச் செய்தது. குறைந்தது 23 பேர் உயிரிழந்தனர் என அது பதிவு செய்தது. நெடுந்தீவு மக்களின் ஆண்டு நினைவுகூரலிலோ இறந்தோர் தொகை முப்பதுக்கு மேற்பட்டதாக, பெரும்பாலும் 36 என, எண்ணப்பட்டு வருகின்றது. இவ்விரு எண்களும் ஒன்றையொன்று பொய்ப்பிப்பன அல்ல. முதலாவது, சான்று கொண்டு நிறுவத்தக்க மிகக் குறைந்த எல்லை. ஆதலினாலேயே 'குறைந்தது' என்னும் சொல் அதனுடன் சேர்ந்து வருகின்றது. இரண்டாவது, தம் வீட்டாரை இழந்த ஊரின் எண்ணிக்கை. இவ்விரண்டையும் பெயர்பெயராக ஒப்புநோக்கித் தீர்ப்பது நீதி விசாரணையொன்றின் பணியாகும். எவரும் தண்டிக்கப்பெறாத இவ்வழக்கில் அப்பணி நிறைவேறவில்லை. ஆகவே எண்களின் வேறுபாடு மக்கள் நினைவின் குறையன்று. அரசின் கடமைத் தவற்றின் அடையாளம் என்று கொள்ளுதலே பொருந்தும்.

பிற்காலத்திலும் அப்படகு திருத்தப்பட்டு அதே கடல்வழியிற் சேவையில் ஈடுபட்டது. கொலை நிகழ்ந்த படகிலேயே ஏறித் தம் அலுவல்களுக்குச் செல்லவேண்டிய நிலை நெடுந்தீவாருக்கு ஏற்பட்டது. வேறு வழியற்றோரின் வாழ்க்கை எத்தகையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மண்டைதீவும் அல்லைப்பிட்டியும், 1990

1990 ஜூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டது. யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்த படையினர் விடுதலைப் புலிகளால் முற்றுகையிடப்பட்டனர். அவர்களை மீட்கும் நோக்கத்துடன் ஓகஸ்ட் மாதப் பிற்பகுதியில் அரச படைகள் தீவுப் பகுதியில் இறங்கின. அந்நாட்களில் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் அவற்றை அடுத்த ஊர்களிலும் இளைஞர் உள்ளிட்ட ஆண்கள் பலர் படையினராற் பிடித்துச் செல்லப்பட்டு மீளாது போயினர் என்பது உறவினரின் முறைப்பாடாகும். அவர்களுட் பலர் கொல்லப்பட்டு ஊர்க் கிணறுகளிற் புதைக்கப்பட்டனர் என்னும் கூற்றும், அக்கிணறுகளைத் தோண்டி ஆராய்தல் வேண்டும் என்னும் கோரிக்கையும் இன்றுவரை நிலவி வருகின்றன.

குமுதினி நிகழ்வுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பதிவின் வேகத்திலேயே புலப்படுகின்றது. 1985இற் காயமுற்றவர் மறுகரையை அடைந்தார்; எழுதுவோரும் அங்கிருந்தனர். 1990இல் தீவு மக்கள் பெருந்தொகையாகக் குடாநாட்டுக்கு ஓடினர். தீவுகள் அரச படையின் வசமும் குடாநாடு விடுதலைப் புலிகளின் வசமும் இருந்தன. 1995ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாண நகரம் அரச படையின் வசமாகும்வரை இந்நிலை நீடித்தது. தீவில் விடுபட்ட தடயத்துக்கும் குடாநாட்டில் அகதியாயிருந்த தாய்க்கும் இடையில் ஒரு போர்முனை நின்றது. கிணற்றைக் காட்டக்கூடியவர் கிணற்றருகே செல்லமுடியவில்லை. கிணற்றருகே நின்றவர் அதைக் காட்ட விரும்பவில்லை. இவ்வாறு பெயர்களைத் திரட்டும் பணி நான்கைந்து ஆண்டுகள் பின்தள்ளப்பட்டது.

அதே ஆண்டின் ஒக்டோபர் மாத இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 70,000 பேர் தம் வீடுகளையும் உடைமைகளையும் விட்டகன்றனர். யாழ்ப்பாண நகரத்தார்க்கு வெளியேற வழங்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்களே. இனம் ஒன்றே காரணமாக ஒரு சமூகம் முழுவதும் பிடுங்கி எறியப்பட்டமை பாகுபாட்டின் மிகக் கொடிய வடிவமாகும். இவ்வெளியேற்றம் குறித்துக் குடிமக்கள் ஆணைக்குழு ஒன்று சாட்சியங்களைத் திரட்டி விரிவான அறிக்கை வெளியிடுவதற்கு 2011ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மண்டைதீவுத் தாயும் யாழ்ப்பாணத்து முஸ்லிம் வணிகரும் வெவ்வேறு கரங்களால் இன்னல் அடைந்தனர். பதிவு தாமதித்தமையால் இருவரும் ஒரே வகையில் மீண்டும் பாதிக்கப்பட்டனர்.

எல்லாத் தரப்பினரின் குற்றங்களையும் ஒரே அளவுகோல் கொண்டு எழுதுதல் இயலுமா என்னும் வினாவுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்தே ஒரு விடை எழுந்தது. 1988இல் அங்கு மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பு தோன்றியது. இந்திய அமைதிப் படை, இலங்கை அரசு, விடுதலைப் புலிகள், ஏனைய இயக்கங்கள் ஆகிய அனைத்தினதும் செயல்களை அது பதிவு செய்தது. அதன் தாபகருள் ஒருவரும் உடற்கூற்றியல் துறைத் தலைவருமான கலாநிதி ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21இற் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரும் மூவரும் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' அவரது மறைவின் பின்னர் 1990இல் நூலாக வெளிவந்தது. பதிவு செய்தல் ஆய்வு மேசையில் அமர்ந்து செய்யும் பாதுகாப்பான தொழிலன்று என்பதை இவ்வரலாறு உணர்த்தும்.

அல்லைப்பிட்டி, 2006

2002இன் போர்நிறுத்த உடன்படிக்கை 2006இற் பெயரளவில் மட்டுமே எஞ்சியிருந்தது. மே 11இல் வடகடலில் விடுதலைப் புலிகள் கடற்படைக் கலங்களைத் தாக்கினர். இரு நாட்களின் பின்னர், மே 13ஆந் திகதி இரவு, ஊர்காவற்றுறைப் பொலிஸ் பிரிவில் வெவ்வேறு இடங்களில் 13 பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அல்லைப்பிட்டியில் ஒரே வீட்டிற் பலர் மாண்டனர். சிறு குழந்தைகளும் அவருள் அடங்குவர். கடற்படையினரும் அரச சார்பு ஆயுதக் குழுவினரும் அவ்விடங்களில் இருந்தனர் என்பதற்கு நம்பத்தக்க தகவல்கள் கிடைத்துள்ளதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை சில நாட்களுக்குள் அறிவித்தது. குற்றஞ்சாட்டப்பட்டோர் அதனை மறுத்தனர்.

ஓகஸ்ட் மாதத்தில் முழுப் போர் தொடங்கியது. ஓகஸ்ட் 13இல் மக்கள் தஞ்சம் புகுந்திருந்த அல்லைப்பிட்டிப் புனித பிலிப் நேரி தேவாலயம் எறிகணை வீச்சுக்கு உள்ளாயிற்று. அவ்விடத்திற் பலர் இறந்தனர், பலர் காயமுற்றனர். பங்குத் தந்தை நிகால் ஜிம் பிறவுண் அடிகளார் எஞ்சியோரை ஊர்காவற்றுறைக்கு அழைத்துச் செல்ல முயன்று உழைத்தார். ஓகஸ்ட் 20இல் அவரும் அவருடன் சென்ற ஒருவரும் அல்லைப்பிட்டிக் கடற்படைச் சோதனைச் சாவடியின் அருகே இறுதியாகக் காணப்பட்டனர். அதன்பின் அவர்கள் மீளவில்லை. கடற்படை தன் பொறுப்பை மறுத்தது.

இம்முறை சாட்சியம் நீரைக் கடந்தது. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு நாட்டில் இருந்தது, நீதவான் விசாரணை தொடங்கியது, மறைமாவட்டம் குரலெழுப்பியது, செய்தி சில மணித்தியாலங்களில் உலகெங்கும் பரவியது. 2006 நவம்பரில் நீதியரசர் நிசங்க உடலாகம தலைமையில் நியமனமான சனாதிபதி ஆணைக்குழுவுக்கு ஒப்படைக்கப்பட்ட 16 வழக்குகளுள் இவ்விரண்டும் இடம்பெற்றன. இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பகவதி தலைமையிற் சர்வதேசப் பிரமுகர் குழுவொன்று அவ்விசாரணைகளை அவதானித்தது. விசாரணைகள் சர்வதேச நியமங்களுக்கு ஏற்ப நடைபெறவில்லை எனவும், சாட்சிகளுக்குப் போதிய பாதுகாப்பு இல்லை எனவும் கூறி 2008இல் அக்குழு விலகியது. 2009 ஜூன் மாதத்தில் ஆணைக்குழுவின் காலம் முடிந்தபோது பல வழக்குகள் விசாரித்து முடிக்கப்படவில்லை. அதன் அறிக்கையும் 2015ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

இவ்விடத்திற் சிறு செய்தியொன்று சிந்தனைக்குரியது. அடிகளார் காணாமற்போனது ஓகஸ்ட் 20 என்பது உறவினரும் திருச்சபையும் அறிந்த நாள். ஆணைக்குழுவுக்கு வழங்கிய ஆணைப் பத்திரத்திலோ அந்நாள் ஓகஸ்ட் 28 எனக் குறிக்கப்பட்டது. எட்டு நாள் வேறுபாடு சிறிதென்று தள்ளிவிடத் தக்கதன்று. சோதனைச் சாவடியின் பதிவேட்டில் எந்நாளின் பக்கத்தைப் புரட்டவேண்டும், எவர் அன்று கடமையில் இருந்தனர் என்பனவெல்லாம் அத்திகதியைப் பற்றியே நிற்பன. பதிவு இருப்பது போதாது. அது பிழையற்றிருத்தலும் வேண்டும்.

ஆணைக்குழுக்களும் கால எல்லைகளும்

மூன்று நிகழ்வுகளையும் அரசு நியமித்த விசாரணை அமைப்புகளோடு சேர்த்து நோக்கின் ஓர் உண்மை புலனாகின்றது. 1994 நவம்பரில் நியமனமான மூன்று பிராந்திய ஆணைக்குழுக்களும் 1988 சனவரி 1 முதலாக நிகழ்ந்த காணாமலாக்கல்களையே ஆராயும்படி பணிக்கப்பட்டன. அவை 27,526 முறைப்பாடுகளை ஆராய்ந்து 16,800 பேர் காணாமலாக்கப்பட்டமையை நிறுவின. இஃது அரும்பணியே. ஆயின் 1985இன் குமுதினி அந்த எல்லைக்கு அப்பால் நின்றது. 2010இல் அமைந்த கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழுவுக்கு 2002 பெப்ரவரி முதல் 2009 மே வரையான காலமே வரையறுக்கப்பட்டது. அதில் 1985உம் இல்லை, 1990உம் இல்லை. 2013இல் அமைந்த பரணகம ஆணைக்குழு முதலில் 1990 ஜூன் 10 முதலான காலத்தையே ஆராயும்படி பணிக்கப்பட்டது. பின்னரே அது 1983 வரை பின்னோக்கி நீட்டப்பட்டது.

கால எல்லை என்பது நிருவாக வசதிக்காக இடப்படும் கோடு எனத் தோன்றலாம். அக்கோட்டுக்கு வெளியே நிற்பவருக்கு அது பிரமாணமே ஆகின்றது. நடந்ததை எவரும் மறுக்கவேண்டியதில்லை. விசாரிப்பதற்கு உரியதன்று என்று கூறினாற் போதும். மறுப்பினும் இவ்வகை விலக்கு கூர்மையானது. ஏனெனில் மறுப்புக்கு விடையிறுக்கலாம்; விலக்குக்கு விடையிறுக்க இடமே இல்லை.

2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தோன்றிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் இக்குறையை ஓரளவு நீக்கியது. அதற்குத் தொடக்கத் திகதி என ஒன்று வகுக்கப்படவில்லை. 2019இல் அதன் யாழ்ப்பாணக் கிளையும் திறக்கப்பட்டது. அதே 2016ஆம் ஆண்டில் 'காணக்கிடைக்கவில்லை' என்னும் சான்றிதழ் வழங்குவதற்கும் சட்டம் வழிசெய்தது. அதற்கு முன்னர், 1995இன் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டத்தின்படி, காணாமற்போனவரின் குடும்பம் உதவியோ இழப்பீடோ பெறவேண்டுமாயின் அவர் இறந்துவிட்டதாகப் பதிவு செய்யும் வழியே இருந்தது. தன் கணவன் இறந்தான் என்று தானே எழுதிக் கொடுக்கும்படி ஒரு பெண்ணைக் கேட்பது, அவனை மறைத்தவன் சொல்லவேண்டியதை அவள் வாயாற் சொல்விப்பதாகும். எத்தனையோ தாய்மார் அச்சான்றிதழை ஏற்க மறுத்தமைக்கு உணர்ச்சி மட்டும் காரணமன்று. அவர்கள் ஒரு சட்ட நியாயத்தையும் உணர்ந்திருந்தனர். எனினும் குற்றவியல் வழக்குத் தொடரும் அதிகாரம் இவ்வலுவலகத்திற்கு இல்லை. ஆகையினாற் பெற்றோர் பலர் அதன்மீது நம்பிக்கை வைக்கவில்லை.

உலக அனுபவம் காட்டுவன

தீவுப் பகுதியின் நிலை உலகில் தனித்ததொன்றன்று. பெல்ஜிய மன்னன் லியோபோல்ட் கொங்கோவில் நடத்திய கொடுமைகளை வெளிக்கொணர்ந்த வரலாறு இதற்கு எடுத்துக்காட்டாகும். எட்மண்ட் மொரெல் என்னும் கப்பற் கம்பனி எழுதுவினைஞர் கொங்கோவுக்குச் செல்லாமலே உண்மையைக் கண்டறிந்தார். கொங்கோவிலிருந்து இறப்பரும் தந்தமும் நிறைந்து வந்த கப்பல்கள் திரும்பும்போது வணிகப் பண்டங்களன்றித் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் ஏற்றிச் சென்றமையை அவர் கணக்கேடுகளிற் கண்டார். கொடுத்தது எதுவுமின்றிப் பெற்றது மிகுதியாயின் அது வணிகமன்று, கட்டாய உழைப்பே என்று அவர் முடிவு செய்தார். ரோஜர் கேஸ்மென்ற் நேரிற் சென்று மக்களின் வாக்குமூலங்களைத் திரட்டி அளித்த அறிக்கை 1904இல் வெளிவந்தது. ஆயின் பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சு அதனை அச்சிட்டபோது ஆட்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் நீக்கி எழுத்துக் குறிகளை இட்டது. பெயரற்ற சாட்சியம் வலுவிழக்கும் என்று கேஸ்மென்ற் அதனை எதிர்த்தார். எனினும் பதிவு தன் பணியைச் செய்தது. 1908இற் கொங்கோ மன்னனின் தனியுடைமையிலிருந்து நீங்கியது.

ஆர்ஜெந்தீனாவில் இராணுவ ஆட்சி வீழ்ந்தபின் 1983 டிசெம்பரில் எழுத்தாளர் ஏர்னெஸ்தோ சாபாத்தோ தலைமையில் ஆணைக்குழு ஒன்று அமைந்தது. அடுத்த ஆண்டே அது 8,960 பேர் காணாமற்போனமையை ஆவணப்படுத்தியது. 1985இல் இராணுவ ஆட்சித் தலைவர்கள் நீதிமன்றில் நிறுத்தப்பட்டனர். குமுதினி கடலில் மறிக்கப்பட்ட அதே ஆண்டு அது. அங்கு அறிக்கை வழக்காக மாறியது. இங்கு அறிக்கை இன்னோர் ஆணைக்குழுவாக மாறியது. இரு நாடுகளுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வொரு செய்தி விளக்கும்.

அந்நாட்டிலே தோன்றிய தடயவியல் மானிடவியல் முறை, எலும்புக் கூட்டுக்கும் பெயர் உண்டு என்பதை உலகுக்குக் கற்பித்தது. யாழ்ப்பாணத்துச் செம்மணியில் 1999இல் 15 உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அப்பகுதியில் 2025இல் நடைபெற்ற அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. மண் தன் பதிவை அழிப்பதில்லை. மனிதர் அதனைத் தோண்டத் தாமதிக்கின்றனர் என்பதே உண்மை. மண்டைதீவுக் கிணறுகள் பற்றிய கோரிக்கையையும் இந்நோக்கிலேயே மதிப்பிடல் வேண்டும்.

செய்யவேண்டியன

ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் நிறைவேற்றிய 46/1ஆம் இலக்கத் தீர்மானம், இலங்கை குறித்த தகவல்களையும் சான்றுகளையும் திரட்டிப் பேணும் பொறுப்பை மனித உரிமை உயர் ஆணையாளர் அலுவலகத்திற்கு அளித்தது. ஜெனீவாவில் ஒரு களஞ்சியம் அமைதல் நன்றே. ஆயின் களஞ்சியத்திற்கு நெல் வயலிலிருந்தே வரவேண்டும்.

தீவுப் பகுதியிற் பதிவுக்குரிய மூலங்கள் இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. பங்குக் கோயில்களின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள், பாடசாலை அனுமதிப் பதிவேடுகள், வாக்காளர் இடாப்புகள், கிராம அலுவலரின் குடும்ப விபரங்கள், வைத்தியசாலைப் பதிவுகள் என்பன சிதறிக் கிடக்கின்றன. 1990இற் பாடசாலையிலிருந்து பெயர் நீங்கிய மாணவன் எங்கே சென்றான் என்பதை அனுமதிப் பதிவேட்டைக் கொண்டு வினவலாம். 1985இன் எண்ணிக்கை வேறுபாட்டை நெடுந்தீவின் இறப்புப் பதிவுகளையும் குடும்பங்களின் கூற்றுகளையும் கொண்டு பெயர்பெயராகத் தீர்க்கலாம். மொரெல் கப்பற் கணக்கிற் கண்டதைப் போன்றே இங்கும் சாதாரண ஏடுகள் அசாதாரண உண்மைகளைக் கூறவல்லன. இதற்குப் பெருநிதியோ வெளிநாட்டு நிபுணரோ இன்றியமையாதன அல்ல. வரலாற்றுத் துறை மாணவரின் பயிற்சியும் பொறுமையும் போதியன. சாட்சி கூறுவோரின் பாதுகாப்பைப் பேணும் பொறுப்புணர்ச்சியும் அவற்றோடு சேரவேண்டும்.

காலம் மிகுதியாக இல்லை என்பதே இவ்விடயத்தின் நெருக்கடியாகும். 1990இல் நாற்பது வயதிலே மகனைத் தேடத் தொடங்கிய தாய் இன்று எழுபதைக் கடந்தவள். குமுதினியில் உயிர்தப்பிய முதியோருட் பலர் மறைந்துவிட்டனர். ஒவ்வொருவர் மறையும்போதும், எந்தச் சட்டையை அவன் அணிந்திருந்தான், எந்த வழியால் அவனை இட்டுச் சென்றனர் என்னும் செய்திகளும் அவருடன் மறைகின்றன. குற்றவாளி காத்திருப்பது இதற்கே. தண்டனைக்குத் தப்புவதற்கு அவனுக்கு வேண்டுவது நியாயமன்று, காலமே.

நயினாதீவுச் சாசனம், கடலால் அலைக்கழிக்கப்பட்டவனுக்கும் உரிமை உண்டு என்றும், அது எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி எழுதப்படுதல் வேண்டும் என்றும் கருதிய காலமொன்றின் எச்சம். அரசு தன் கையாலேயே அதனை எழுதியது. இந்நூற்றாண்டில் அரசு எழுதத் தவறியதை மக்கள் எழுதவேண்டியுள்ளது. எழுதுவதால் இறந்தவர் மீளார். வழக்கும் உடனே வந்துவிடாது. ஆயினும் பெயர், ஊர், நாள், கண்டவர் கூற்று என்னும் நான்கும் சேர்ந்து ஓரேட்டில் இருக்குமாயின், நடந்ததை நடக்கவில்லை என்று கூறும் துணிவு எவருக்கும் எளிதில் வாராது. வழக்கு வரும் நாளில் அதற்கு முதற் சான்றும் அவ்வேடே ஆகும்.